கோலா கெத்திலில் இருந்த கடல்

டீச்சர்,

இன்று காலையிலிருந்து உங்கள் கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பழைய பல் பிரஷ், கொஞ்சம் சவர்க்காரம், பின்வாசல் குழாய். எவ்வளவு கழுவினாலும் அந்தச் சுருளின் வரிகளுக்குள்ளிருந்து குங்குமம் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு தடவை வெள்ளையாக ஓடும் தண்ணீர் அடுத்த தடவை மறுபடி சிவக்கிறது. சாயந்தரம் உங்கள் பேத்தி இந்தக் கல்லைப் பார்க்க வருகிறாள். அதற்குள் நீங்கள் எடுத்தபோது இருந்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். கை வலித்ததுதான் மிச்சம். பிரஷை விட்டெறிந்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கோபமாக இருக்கிறேன் டீச்சர். நேற்றிலிருந்து என்று சொல்ல முடியாது. நீங்கள் போன நாளிலிருந்தே இருக்கிறது, நேற்று மூண்டுவிட்டது. யார் யார் மேல் என்று எண்ணினால் பெரிய வரிசை. அந்த வரிசையில் நீங்களும் நிற்கிறீர்கள். செத்துப்போனவர் என்பதற்காக உங்களுக்கு விலக்குக் கொடுக்கப்போவதில்லை.

நேற்று உங்கள் முதல் வருஷ நினைவு ஜெபம். சுங்கைப் பட்டாணியில் கைத்தொலைபேசிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறதே, உங்கள் மகன் போகும் சபை, அங்கேதான் வைத்திருந்தார்கள். உங்கள் பழைய மாதாகோயிலில் ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க நான் யார்? கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும் உங்கள் மகன் மைக்கைப் பிடித்தார். என் தாயார் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தவறானதைப் படித்துக்கொடுத்தார், கோடிக்கணக்கான வருஷம் என்று உலக ஞானத்தை நம்பினார், ஆனால் கர்த்தர் கடைசி வாரத்தில் அவர் கண்ணைத் திறந்தார் என்றார். பிறகு திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில். நீங்கள். நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். அதை இரண்டாம் முறையும் போட்டார்கள். கூட்டம் ஆமென் என்றது. பக்கத்து அறையில் இடியாப்பமும் சொதியும் பரிமாறி வைத்திருந்தார்கள், உங்கள் வீட்டுச் சொதி வாசம். நான் எழுந்து படியிறங்கிவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உங்களைத் தெரியாது டீச்சர். எனக்குத் தெரியும். நீங்கள் நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க அங்கே கெண்டீன் நடத்தியவள் நான். இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் ஓய்ந்த பிறகு, பால் இல்லாமல், சர்க்கரை குறைத்த தே ஓ ஒன்று குடிக்க வருவீர்கள். நாம் அங்கேதான் சிநேகிதமானோம். நீங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பெண், நான் ரப்பர் பால்வெட்டு வீட்டுப் பெண். உங்கள் வீட்டில் சிலுவை, என் வீட்டில் முனியாண்டி. இதையெல்லாம் நாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. சண்டை மட்டும் நிறையப் போட்டோம், பெரும்பாலும் நீங்கள் போடும் மார்க்கைப் பற்றி.

நீங்கள் பாதி மார்க் போட மாட்டீர்கள். ஒரு பையன், நிலாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வெளிச்சம் உண்டு என்று எழுதியிருந்தான். நீங்கள் சைபர் போட்டீர்கள். அவன் கெண்டீன் மேசையில் தலை கவிழ்ந்து அழுதான். நான் உங்களிடம் வந்து, கொஞ்சம் என்றுதானே எழுதியிருக்கிறான், கொஞ்சம் மார்க் போட்டால் என்ன என்று சண்டை பிடித்தேன்.

“கொஞ்சம் பிழை எண்டு ஒண்டும் இல்லை மல்லிகா. பிழையெண்டால் பிழைதான்” என்றீர்கள்.

எனக்கு அது கொடுமையாகத்தான் பட்டது. ஆனாலும் உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. ஆளைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, சாதியைப் பார்த்து மாறாத ஒரு மனுஷி இந்த ஊரில் இருக்கிறார் என்ற நிம்மதி. அதனால்தான் நீங்கள் பென்ஷன் வாங்கிய பிறகு, புக்கிட் செலம்பாவ் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கலாம் என்றபோது நானும் சேர்ந்துகொண்டேன். நீங்கள் பாடம், நான் பிள்ளைகள் சாப்பிட மீகூன். கோயில் தலைவர் மண்டபத்தை இலவசமாகவே கொடுத்தார். அந்தக் காலத்தில் அவர் நல்ல மனுஷர்தான்.

கல் கிடைத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கோலா கெத்திலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது உங்கள் குட்டிக் காடியின் டயர் பஞ்சிட் ஆனது. புதுத் தாமான் வீடுகள் கட்டுவதற்காக மேட்டை வெட்டி வைத்திருந்த இடம். நான் பட்டுச்சேலையோடு ரோட்டோரம் நின்று போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மேட்டில் ஏறிவிட்டீர்கள். சாம்பல் நிறத்தில் தட்டுத் தட்டாக உதிர்ந்து கிடந்த கல்லில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள். அதில் இருபது சென் காசு அளவுக்கு ஒரு சுருள், சின்ன நத்தை சுருண்டு படுத்த அச்சு.

“இஞ்ச பாரும் மல்லிகா. இதில கடல் இருந்திருக்கு.”

“கடல் கோத்தா கோலா மூடாவுல இருக்கு டீச்சர். இது கோலா கெத்தில்.”

“இப்ப அங்க. அப்ப இஞ்ச. இருபது கோடி வருஷத்துக்கு மேல இருக்கும்.”

நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கல்லை என் கையில் வைத்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் சூடாக இருந்தது. கடல் என்று நினைத்துக்கொண்டு அந்த மேட்டைப் பார்த்தேன், எதிரில் இருந்த ரப்பர் மரங்களைப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று என்று கேட்டேன். ஒரு மலாய்க்காரப் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி டயரை மாற்றிக்கொடுக்கும்வரை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பி வரும் வழியில்தான் நான் எங்கள் ஐயரைப் பற்றிச் சொன்னேன். தினமும் அர்ச்சனைக்கு முன்னால் சங்கல்பம் சொல்லும்போது, இது எந்தக் கல்பம், எந்த மன்வந்தரம், கலியுகத்தில் எந்தப் பாதம், எந்தத் தேசம் என்று வரிசையாகச் சொல்லித்தான் ஆரம்பிப்பார், அதில் கோடிக் கணக்கில் வருஷம் வரும் என்றேன். உங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை ஐயரையே பிடித்து உட்கார வைத்துக் கணக்குக் கேட்டீர்கள். அவர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர், கூச்ச சுபாவம். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஏறக்குறைய இருநூறு கோடி வந்தது. விஞ்ஞானிகள் சொல்வது நானூற்றைம்பது கோடி என்றீர்கள்.

“கடிகாரமே இல்லாத காலத்தில இந்த அளவுக்குக் கிட்ட வந்திருக்கினம். காலத்துக்குப் பாதி மார்க் போடலாம் ஐயா. இடத்துக்குத்தான் சைபர். கெடாவில நிண்டுகொண்டு இன்னும் பாரத வர்ஷம் எண்டு சொல்லுறீங்கள்.”

ஐயரே சிரித்துவிட்டார். உங்களிடம் பாதி மார்க் வாங்கியவர் என் அறிவுக்கு அவர் ஒருவர்தான். உங்கள் வேதத்தையும் நீங்கள் விடவில்லை. ஆறு நாளில் படைத்ததாகத்தானே உங்களுக்கு என்று நான் சீண்டியபோது, “சூரியனை நாலாம் நாள்தானே படைச்சார். அதுக்கு முந்தின நாளையெல்லாம் எதை வைச்சு எண்ணினவை? அது எங்கட நாள் இல்லை மல்லிகா” என்றீர்கள். அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குக் கட்ட வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட வேண்டும் என்று கிளம்பிவிட்டீர்கள். உங்களுக்குள் இரண்டும் சண்டை போடாமல்தான் இருந்தன. சண்டை வெளியிலிருந்து வந்தது.

பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று கல்லை மண்டபத்து வாசலில் வேப்பமரத்தடியில் வைத்தீர்கள். கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நம் ஆட்கள் நடமாடும் இடத்தில் மரத்தடியில் ஒரு கல்லை வைக்கலாமா? அதுவும் நடுவில் சக்கரம் போல ஒன்று இருக்கிற கல்லை? அடுத்த சனிக்கிழமை வந்தபோது அதற்குக் குங்குமமும் மஞ்சளும் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் எலுமிச்சம்பழமும் மஞ்சள் துணியும். பிறகு யாருக்கோ லாட்டரியில் நாலு நம்பர் விழுந்தது என்று பேச்சு வந்தது. அவ்வளவுதான், தகரக் கூரை வந்துவிட்டது, உண்டியல் வந்துவிட்டது.

நீங்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “கும்பிடட்டும். கும்பிட்டால் கல் தேயாது” என்றீர்கள். தலைவர் அதைச் சாளக்கிராமம் என்று அறிவித்து, இருநூறு கோடி ஆண்டுப் பழமை என்று பலகையும் மாட்டினார். விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது என்று மைக்கில் பேசினார். நீங்கள் விளையாட்டாகக் கொடுத்த பாதி மார்க்கை அவர் முழு மார்க்காக்கிவிட்டார். அதற்கும் சிரித்தீர்கள். ஆனால் பிள்ளைகள் தொடக்கூடாது என்றதும் உங்கள் முகம் மாறியது. நேரே தலைவரிடம் போனீர்கள். நானும் கூட வந்தேன்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க லா. இப்ப அது சாமி. கண்டவங்களும் தொட்டா தோஷம். ஐயர் மட்டும்தான் தொடலாம்.”

“அதைக் கொண்டுவந்து வைச்சதே நான்தான்” என்றீர்கள்.

“அது அப்ப டீச்சர். நீங்க வேற, மாட்டு எறச்சியெல்லாம் சாப்பிடுற வேதக்காரங்க. சனங்க பேசுவாங்க இல்லியா?”

நீங்கள் அங்கே நிற்கவில்லை. மண்டபத்துக்குத் திரும்பி வந்து வெண்பலகையில் பாடத்தை எழுதினீர்கள். உங்கள் கையெழுத்து அன்றைக்குக் கோணலாக இருந்தது. நான் அன்றைக்கே அந்த ஆளின் முகத்துக்கு நேரே பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டில் வாங்கித் தின்னும் கெந்தாக்கிக் கோழிக்கு மட்டும் தோஷம் இல்லையா என்று கேட்டேன். அடுத்த மாதமே மண்டபத்தில் சத்தம் அதிகம், சன்னதிக்கு இடைஞ்சல் என்று வகுப்பை வெளியே போகச் சொன்னார்கள். என் வீட்டுப் போர்ச்சுக்கு மாற்றினோம். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பிள்ளைகள் மழை வந்தால் நனைந்தார்கள்.

அது ஒரு பக்கத்து அடி. மறு பக்கத்து அடி உங்கள் சொந்த வீட்டிலிருந்து வந்தது.

உங்கள் மகன் பினாங்கில் நல்ல வேலையில் இருக்கும் இன்ஜினியர். சின்ன வயதில் என் கெண்டீனில் வந்து கறிபாப் வாங்கித் தின்றவர், அவரைப் பற்றிக் கெட்டதாகப் பேச எனக்கு ஆசையில்லை. அவருக்குக் கஷ்டம் வந்த சமயத்தில் அந்தச் சபை கைகொடுத்தது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் கல் விஷயம் காதுக்குப் போனதும் உங்கள் வீட்டுக்கு வந்து நின்று பேசினாரே, அன்றைக்கு நான் உங்கள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நீங்க கொண்டுபோய் வெச்ச கல்லைத்தான் அவங்க கும்பிடுறாங்க. அந்தப் பாவம் உங்க மேலதான் வரும்.”

“நான் கும்பிடச் சொல்லி வைக்கேல்லை. படிக்கச் சொல்லி வைச்சனான்.”

“அதுவே தப்பும்மா. உலகத்துக்கு ஆறாயிரம் வருஷம்தான். அந்த ஓடெல்லாம் நோவா காலத்து வெள்ளத்துல வந்தது. நீங்க கோடி கோடின்னு சொல்லிக்குடுத்ததாலதான் இவங்களுக்கும் தைரியம் வந்துச்சு. தப்புன்னு ஒத்துக்குங்க, ஜெபம் பண்ணிடலாம்.”

“விசர்க் கதை கதைக்காதை தம்பி. நான் பொய் சொல்ல மாட்டன்.”

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அப்படியானால் பிள்ளைகளை இங்கே அனுப்ப முடியாது என்றார். அவர்கள் ஆத்துமாவுக்கு நான்தான் பொறுப்பு என்றார். சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் சொன்னார். உங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், வேலிக்கு அந்தப் பக்கம் குவே பலகாரத் தட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மகன் போன பிறகு தட்டை நீட்டிக்கொண்டே மலாயில் சொன்னார்: “எங்களுக்கும் ஆறு நாள்தான். அந்த நாள் எவ்வளவு நீளம்னு உஸ்தாஸ்கிட்ட கேட்டேன். அது ஆண்டவனுக்குத்தான் தெரியும்னுட்டார். இதுக்குப் போயி பேரப்பிள்ளைங்களை யாராவது நிறுத்துவாங்களா? சாப்பிடுங்க, ஆறிடும்.”

அவர்கள் வரவில்லை. நீங்கள் மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேரப்பிள்ளைகளுக்கென்று பிஸ்கட் வாங்கி அந்த நீலத் தகரப் பேணியில் போட்டு மூடி வைத்தீர்கள். மறுவாரம் அதை எடுத்துவந்து என் போர்ச்சில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கினீர்கள். நான் ஒரு தடவை, சும்மா ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன டீச்சர் என்று கேட்டேன். உங்கள் கஷ்டத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் கேட்டேன். என்னை எப்படிப் பார்த்தீர்கள்! ஏதோ நான் வினாத்தாளைத் திருடச் சொன்ன மாதிரி. அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. உங்கள் பக்கம்தான் நின்றேன். சந்தையில், கோயிலில், கல்யாண வீட்டில் யார் கேட்டாலும், டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது, கால் வீங்கியது, ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. அன்று நான் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு வந்திருந்தேன். தலையணையைத் தூக்கி வைக்க உங்கள் தலைமாட்டில் பின்னால் நின்று இரண்டு கையாலும் உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் வந்தார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் வார்டு வாசலில் நின்றார்கள், உள்ளே வர அனுமதி கிடைக்காதவர்கள் போல. அவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அம்மா, ஆண்டவர் இந்த உலகத்தைப் படைச்சு ஆறாயிரம் வருஷம்தான்னு நீங்க விசுவாசிக்கிறீங்களா? பேச வேணாம். தலையை ஆட்டினா போதும்.”

எனக்கு உங்கள் பின்தலைதான் தெரிந்தது. வாரி முடிந்த கொஞ்ச முடியும் ஒரு கறுப்பு ஊசியும். அது முன்னும் பின்னுமாக அசைந்ததை என் கை உணர்ந்தது. அவர் பிள்ளைகளைப் பார்த்து வரச் சொல்லிக் கை காட்டினார். அவர்கள் ஓடி வந்தார்கள்.

அவர்கள் எல்லாரும் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன். நோயாளியிடம் கேட்கக்கூடாதுதான், கேட்டேன். ஏன் தலையாட்டினீர்கள்?

“நான் தலையாட்டினதால பூமிக்கு ஒரு நாள் வயசு குறையாது மல்லிகா.”

“அப்ப நிலா வெளிச்சத்துக்கு அந்தப் பையனுக்கு ஏன் சைபர் போட்டீங்க?”

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மூடியபடியே, “கஞ்சி சூடாய் இருக்கே?” என்று கேட்டீர்கள். ஊட்டினேன். நான்கு கரண்டி சாப்பிட்டிருப்பீர்கள். என் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. அந்த வாரமே போய்விட்டீர்கள்.

இதற்குத்தான் உங்கள் மேல் கோபம். பூமிக்கு வயசு குறையாது, சரி. எனக்கு? உங்கள் பேச்சை நம்பி ஊரோடு மல்லுக்கு நின்றவள் நான். தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த வீடியோவைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, உங்க டீச்சரே ஒத்துக்கிட்டாங்களே என்று கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கோயில் தலைவரும் விடவில்லை. உங்கள் படத்தை நோட்டீசில் போட்டு, வேதக்காரராக இருந்தும் எங்கள் யுகக் கணக்கை ஏற்றுக்கொண்டவர் என்று இரங்கல் எழுதினார். உயிரோடு இருந்தபோது தொட்டால் தோஷம் என்றவர். ஒரு சவத்துக்கு இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடினார்கள் டீச்சர். நீங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்ல வாய் இருந்தது நான் ஒருத்திக்குத்தான், அந்த வாயை நீங்களே தலையை ஆட்டி அடைத்துவிட்டுப் போனீர்கள்.

கல் என்னிடம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாதே. அதையும் கேளுங்கள், சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. தலைவர் அந்தத் தகரக் கூரையை இடித்துவிட்டுப் புதுச் சன்னதி கட்டினார். தமிழ்நாட்டிலிருந்து கருங்கல்லில் பெருமாள் சிலை கப்பலில் வந்து இறங்கியது. பெரிய சாமி வந்த பிறகு சின்னச் சாமிக்கு என்ன வேலை? கும்பாபிஷேகத்துக்கு மறுவாரம் பூக்காரி என்னைக் கூப்பிட்டு, உன் டீச்சர் கல் பின்னால் கிடக்கிறது, மூடா ஆற்றில் விடப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். மோட்டாரை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் போனேன். மடப்பள்ளிக்குப் பின்னால் உடைத்த தேங்காய் ஓடுகளுக்கு நடுவில் கிடந்தது, எறும்பு மொய்த்து. உங்களைத் தொடவிடாத சாமி. உங்கள் வகுப்பை வெளியே துரத்திய சாமி. ஐயர் மடப்பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

“எடுத்துக்கறேன் ஐயா. யாருகிட்ட கேக்கணும்?”

“யாருகிட்டயும் கேக்க வேண்டாம்மா” என்றார். “டீச்சரம்மா பாதி மார்க் போட்டாங்களே, அவங்க கல்லு.”

ஒரு பழைய துண்டில் சுற்றி மோட்டார்க் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். அன்றைக்குத்தான் நீங்கள் போன பிறகு முதல் தடவையாக அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படியிறங்கி வந்து மோட்டாருக்குச் சாவி போட்டேன். பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். உங்கள் பேத்தி. இப்போது ஃபார்ம் ஃபோர் படிக்கிறாள், என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். நெற்றி உங்கள் நெற்றி.

“ஆன்ட்டி, அப்பம்மாவோட கல்லு உங்ககிட்டத்தான் இருக்குதாமே. நாளைக்கு வந்து பாக்கலாமா?”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டேன். கோவமாத்தான் இருக்காரு. இருந்தாலும் வருவேன்.” கொஞ்சம் தயங்கினாள். “சயன்ஸ் டெஸ்ட்ல பூமிக்கு நாலரை பில்லியன்னுதான் எழுதினேன். பேப்பரைப் பாத்துட்டு அப்பா ஒரு வாரம் பேசல.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். உன் அப்பம்மா பொய்தான் சொன்னாள், உன்னைப் பார்ப்பதற்காகச் சொன்னாள் என்று. பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் அதை எப்படி இறக்கி வைப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். அவளேதான் பேசினாள்.

“அந்த வீடியோவுல அப்பம்மா முகம் பாதிதான் தெரியும் ஆன்ட்டி. நான் நேரா நின்னேன். அப்பா கேட்டப்ப அவங்க அப்பாவைப் பாக்கவே இல்ல. எங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்களைப் பாத்துத்தான் தலையாட்டினாங்க. உள்ள வான்னு கூப்புடுவாங்களே, அந்த மாதிரி.”

சாவியைத் திருகாமல் நின்றேன். ஒரு வருஷமாக நான் உங்கள் பின்தலையையே நினைத்துக்கொண்டிருந்தேன் டீச்சர். முன்னால் நின்ற பிள்ளை முகத்தைப் பார்த்திருக்கிறது. அன்று அந்த அறையில் உங்கள் மகன் ஒரு கேள்வி கேட்டார், நீங்கள் வேறு இரண்டு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கஞ்சி சூடா என்று கேட்கத் தெரிந்ததே.

இப்போது உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. உடம்பு முடியாமல் கிடக்கும் ஒரு பொம்பளை தன் பேரப்பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. ஆறாயிரமோ இருநூறு கோடியோ நானூற்றைம்பது கோடியோ, எந்தக் கணக்கைப் போட்ட எந்தக் கடவுளும் அதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார். மனுஷர்கள்தான் செய்தார்கள். ஒருத்தர் கல்லைப் பூட்டி வைத்தார், ஒருத்தர் பிள்ளைகளைப் பூட்டி வைத்தார். இரண்டு பேருமே உண்மையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள். உங்கள் மகனை என்றாவது ஒரு நாள் உட்கார வைத்து இதைச் சொல்லத்தான் போகிறேன். கறிபாப் கொடுத்து வளர்த்தவள் என்ற உரிமை எனக்கு உண்டு.

மணி ஐந்தாகப் போகிறது. கல் காய்ந்துவிட்டது. குங்குமம் முழுசாகப் போகவில்லை, சுருளின் உள்வரிசையில் இன்னும் தெரிகிறது. பரவாயில்லை. யார் யார் கையில் இருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியட்டும். உங்கள் நீலப் பேணியில் பிஸ்கட் வாங்கிப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டைக் காலி செய்தபோது மக்சிக் அதை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

வந்ததும் கல்லை அவள் உள்ளங்கையில் வைப்பேன். இது கோலா கெத்திலில் கிடைத்தது, அங்கே கடல் இருந்தது என்று மட்டும் சொல்வேன். அவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று என்று கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது, நீங்கள் அன்றைக்குச் சொல்லவே இல்லையே. நீயே படித்துக் கண்டுபிடித்து வந்து எனக்குச் சொல் என்று கல்லை அவளோடு அனுப்பிவிடுவேன். அது அவள் வீட்டில் இருக்கட்டும், அவள் அப்பா கண்ணில் தினமும் படும்படி.

கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன் டீச்சர். கல்லோடு பார்த்தால் இதற்கு என்ன வயசு, ஒரு வருஷம்தான் ஆகிறது. வாசலில் காடி வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது, கேட்டைத் திறக்கப் போகிறேன்.

மல்லிகா